போகியில் போன கடல்

எங்க வீட்டு ஷோகேஸைப் பார்த்துட்டு யாராவது சிப்பி அழகா இருக்குதுன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அழகுக்கா நான் அதைச் சேத்து வெச்சேன்?

நான் செஞ்சியில ஸ்கூல் டீச்சர். இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல்லுதான், சிப்பிக்கு வழியே இல்ல. பாண்டிச்சேரிப் பக்கம் எங்கம்மா வீட்டு நெலத்துல கெணறு வெட்டனப்போதான் கல்லாப் போன சிப்பிங்க வந்துது. ஒரு காலத்துல அந்த நெலமே கடலடியாம். எந்த ஆழத்துல எந்தச் சிப்பி கெடச்சுதுன்னு தெரிஞ்சா போதும், அந்தக் கடல் எப்போ சூடா இருந்துது, எப்போ குளிர்ந்துது, நீரோட்டம் எப்போ மாறுச்சுன்னு ஓரளவு சொல்லிடலாம்னு நிலவியல் பேராசிரியர் ஒருத்தர் சொன்னாரு. நீங்க சேத்து வையுங்க, அடுத்த பொங்கல் முடிஞ்சதும் வந்து பாக்கறேன்னாரு.

அதுக்காக மே லீவு முழுக்கக் கெணத்து மேட்டுல வெயில்ல காஞ்சேன். சிப்பி மேல வரவர எத்தனை அடின்னு ஆளுங்களக் கேட்டு, நியூஸ் பேப்பர்ல சுத்தி, ஓரத்துல ஆழத்த எழுதி அட்டைப்பெட்டியில அடுக்கி, செஞ்சிக்குக் கொண்டாந்து பரண்ல வெச்சேன். நோட்டுல அப்புறம் ஏத்திக்கலாம்னு உட்டுட்டேன். கெணத்துக்கு உறை எறக்கித் தண்ணியும் வந்துடுச்சு, இனி எறங்கி அளக்க வழியில்ல.

போகிக்கு மொத நாள் நான் பஜாருக்குப் போயிருந்தேன். போகிக்குப் பரணச் சுத்தம் பண்ணுங்கன்னு வருஷா வருஷம் நான் கத்தினாலும் அந்தப் பக்கம் போகாத என் வீட்டுக்காரர், அன்னிக்குன்னு பார்த்து ஏறியிருக்காரு. ஒவ்வொரு சிப்பியாப் பிரிச்சு, குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சு, மாடியில காய வெச்சிருக்காரு. எனக்குத் தெரியாது.

விடியக்காலையில தெருவே பழசைக் கொளுத்துச்சு. எங்க வாசல்லயும் ஒரு சாக்கு நெறைய பழைய பேப்பர் எரிஞ்சுது. பொழுது விடிஞ்சதும் தாம்பாளத்துல சிப்பிங்கள ஏந்திக்கிட்டுச் சிரிச்ச முகமா எறங்கி வராரு மனுஷன்.

"சுத்தியிருந்த பேப்பர் எங்க?"

"அதான் எரிஞ்சுடுச்சே."

அன்னிக்கு நான் பேசனத எழுத முடியாது. பொங்கல் பொங்குச்சு, யாருக்கும் எறங்கல.

பேராசிரியர் சொன்னபடி வந்தாரு. ஒரு சிப்பிய எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எந்த ஆழம்னு கேட்டாரு. என் வீட்டுக்காரர் முந்திக்கிட்டு, பெருசெல்லாம் அடியில இருந்திருக்கும் சார்னு அளந்தாரு. வந்தவர் சிப்பியக் கீழ வெச்சுட்டு, காபியக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

வாசக் கேட்டைச் சாத்துனதும் மறுபடி ஆரம்பிச்சேன். ஒரு கடலையே நாசம் பண்ணிட்டீங்களேன்னு கத்தினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவாச் சொன்னாரு: "சாக்குல கட்டி வெச்சது நான்தான். கொளுத்தனது யாரு?"

நான்தான். மொதக் குச்சியில பத்தலன்னு ரெண்டாவது குச்சி வேற கிழிச்சேன்.