வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட்

எனக்கு மரியாதையாகப் பேசத் தெரியும், ஆனால் பிடிக்காது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் பிறந்து, கருமத்தம்பட்டிப் பக்கம் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தியே தலை நரைத்தவள் நான். 'பட்டென்று பேசும் டீச்சர்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வராமல் நானும் பார்த்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்ததும் அந்தப் பெயர்தான். அதை எங்கே எப்படிக் கெடுத்தேன் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நான் வேலை பார்த்த மேல்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக ஒரு மில்காரர் இருந்தார். மேடைக்குக் கூரை, குடிநீர் இயந்திரம், பெஞ்சு எல்லாம் அவர் கொடுத்தது. பதிலுக்கு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை எடுத்துக்கொண்டார். 'நல்லொழுக்க வகுப்பு' என்று பெயர். அவருடைய மனைவி காரில் வந்து இறங்குவார். செல்போனில் சுருதி ஓடும். பிள்ளைகள் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து, நெற்றியில் திருநீறு வைத்து, ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சாமி கதை, அப்புறம் சுண்டல்.

"ஒழுக்கந்தானுங்க டீச்சர், அதுல என்னங்க தப்பு?" என்பார் தலைமையாசிரியர். அவர் யாரையும் கடிந்து பேசாதவர். யாருக்காகவும் பேசாதவரும்கூட.

அரசுப் பணத்தில் முழுக்க நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் இருபத்தெட்டாம் பிரிவு சொல்கிறது. அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். எழுதிப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. சுண்டல் நன்றாக இருக்கும்.

மூன்றாவது வருடம் பிளஸ் டூவில் ஒரு பெண் வாயைத் திறக்கவில்லை.

அவள் பள்ளிக்குப் பின்னால் இருந்த காலனியில் இருந்து வருகிறவள். அப்பா இல்லை. அம்மா தறிக்குடோனில் நூலைக் கோனில் சுற்றும் வேலை பார்த்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை, சமூக அறிவியலில் அந்த வருடம் அவள்தான் முதல் மதிப்பெண். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முந்தின வருடக் கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருந்தேன்: எஸ்.சி. பட்டியலில் அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் நிச்சயம், பி.சி.யில் என்றால் கிடைக்காது என்று. இதைத் தெரிந்துகொண்டுதான் பின்னால் எல்லாம் செய்தேன்.

அதுவரை கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பியிருந்தவளின் உதடு ஸ்தோத்திரம் சொல்லும்போது அசையாததை அந்த வருடம் தலைவரின் மனைவி கண்டுபிடித்துவிட்டார்.

"ஏங் கண்ணு, வாயில கொழுக்கட்டையா? எல்லாரும் சொல்றாங்கல்லொ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி கண்ணு. வாயத் தொறக்கற வரைக்கும் அந்த வாசப்படிகிட்டப் போயி நின்னுக்கோ."

ஆறு வெள்ளிக்கிழமை நின்றாள். சுண்டல் வாளி அவளைத் தாண்டிப் போகும். ஆறாவது வாரம் ஒரு பையன் அவள் காலடியில் நாலு சுண்டலைப் போட்டுக் கோழியைக் கூப்பிடுவதுபோல 'பே பே' என்றான். மண்டபம் சிரித்தது. தலைவரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

மணி அடித்ததும் அவளை ஆய்வகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன். அதட்டினேன். அப்புறம்தான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ஜெபத்துக்குப் போறமுங்க மிஸ். ரெண்டு சாமி கும்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லீருக்குதுங்க." அப்புறம் அவசரமாக, "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க மிஸ். சர்டிபிகேட்ல இந்துன்னுதானுங்க இருக்குது" என்றாள்.

இதை விளக்க வேண்டும். அவளுடைய சாதிச் சான்றில் இந்து, எஸ்.சி. என்று இருந்தது. கிறித்தவத்துக்கு மாறியவர் என்று ஆகிவிட்டால் அதே ஆள் பி.சி. ஆகிவிடுவார். சேரி மாறாது, வேலை மாறாது, டீக்கடையில் பார்க்கிற பார்வை மாறாது, சான்று மட்டும் மாறும். அதனால் அந்தக் காலனியில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டிலும் மற்ற ஆறு நாள் தாசில்தார் ஆபீஸ் ஏட்டில் இந்துவாகவும் இருந்தார்கள். ஊருக்கே தெரியும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லாததால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் நான் மனதில் புகார் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். "நீ ஒண்ணும் பயப்படாதே, சட்டம் உன் பக்கம் இருக்கு" என்று அவள் தோளைத் தட்டி அனுப்பினேன்.

திங்கட்கிழமை மதியம் அவளுடைய அம்மா வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. ஆசிரியர் அறைக்குள் வரவில்லை, கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

"அவ பாடுவாளுங்க டீச்சர். நாஞ் சொல்லிப்போட்டேனுங்க. பாடுனா கர்த்தர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. நீங்க எழுதிக்கிழுதிப் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்குப் பாடணும்? பாட வேண்டாம்னுதான் சட்டம் இருக்கே."

"சட்டமெல்லாம் நமக்கு எதுக்குங்க டீச்சர்? புள்ள பாஸ் பண்ணி ஒரு காலேஜுல சேந்தாப் போதுமுங்க."

"இப்படிப் பயந்து பயந்துதான் உங்க ஜனமே உருப்படாமப் போச்சு" என்றேன்.

அவள் "செரீங்க" என்றாள். குடோனுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். 'உங்க ஜனம்' என்று என் வாயில் வந்தது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அடிமை புத்தி என்று அவளைப் பற்றிப் பக்கத்து மேசை ஆசிரியையிடம் வேறு சொன்னேன்.

முதன்மைக் கல்வி அலுவலருக்கு இரண்டு பக்க மனு எழுதினேன். பெயரில்லாமல் எழுதினால் மொட்டைக் கடுதாசி என்று குப்பையில் போடுவார்கள் என்பதால் என் பெயரைப் போட்டேன். ஆதாரமில்லாத புகார் என்று சொல்லிவிடக் கூடாதே என்று அந்தப் பெண்ணின் பெயரையும் வகுப்பையும் போட்டேன். 'பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டத்திற்குச் சென்றுவரும் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி' என்று ஒரு வரி. அந்த வரியை இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவள் கெஞ்சியது நினைவுக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. கல்வித் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட்டேன். இருபத்தெட்டாம் பிரிவு தெரிந்த எனக்கு, ஒரு காகிதத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்பது தெரியாமல் போனது.

பத்தே நாளில் வகுப்பு நின்றது. மேலிருந்து தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட் மறுபடியும் விளையாட்டுப் பீரியட் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் சங்கத்து ஆட்கள் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். வகுப்பில் இருபத்தெட்டாம் பிரிவை இன்னொரு முறை, யாரும் கேட்காமலே நடத்தினேன்.

மேலிருந்து வந்த கடிதத்தோடு என் மனுவின் நகலும் இருந்தது. தலைமையாசிரியர் அதைத் தலைவருக்குக் காட்டினார். அடுத்த வாரம் தலைவர் பள்ளிக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படுவார் என்று தயாராகப் போனேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"டீச்சர், நீங்க எழுதுனது அத்தனையும் உண்மைதானுங்களே?"

"ஒரு வரி பொய் கிடையாது."

"அது போதுமுங்க" என்றார். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே தாசில்தாருக்கு மனு போய்விட்டது. கிறித்தவப் பெண் ஒருத்தி இந்து என்று சொல்லிச் சான்று வாங்கியிருக்கிறாள், அவளுடைய ஆசிரியையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், நகல் இணைப்பு. அவருக்கு அந்தப் பெண்மேல் ஒரு கோபமும் இல்லை. எனக்குக் கொடுக்க வேண்டிய அடியை அவளுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் நன்றாகப் படிக்க வைத்துத் தயார் செய்த பிள்ளை என்பது அவருக்குத் தெரியும்.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் பள்ளிக்கே வந்தார். தலைமையாசிரியர் அறையில் அவர், தலைவர், நான், அந்தப் பெண், அவளுடைய அம்மா. அம்மா நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து வந்திருந்தாள். பழக்கமில்லாத கை, பொட்டு ஒரு பக்கம் வழிந்திருந்தது. காலையில் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார் ஆய்வாளர்.

"ஊட்ல முருகர் படம் இருக்குதுங்க, பாத்தேன்" என்றார் அம்மாவிடம். "ஆணிதான் புதுசா இருக்குதுங்க."

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. உள்ளே வருவதற்கு முன்பே தலைமையாசிரியர் மூலம் எனக்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். "யாரோ சொல்லக் கேட்டு எழுதிப்போட்டேன், நேர்ல எனக்குத் தெரியாதுன்னு சொல்லீருங்க டீச்சர். புள்ள பொழச்சுக்கும்" என்று தலைமையாசிரியர் என் காதில் சொன்னார். அப்படிச் சொன்னால் என் புகார் பொய்ப் புகார் ஆகும், எனக்கு மெமோ வரும், வெள்ளிக்கிழமை வகுப்பு திரும்பி வரும். போகட்டும், அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். இது சத்தியம்.

ஆய்வாளர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாமி பாட்டு ஏதாச்சும் தெரியுமா அம்மணி?" என்று கேட்டார்.

அவள் கையைக் கூப்பிக் கண்ணை மூடி, அந்த ஸ்தோத்திரத்தைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. ஆறு வாரம் வாசற்படியில் நின்றவளுக்கு, உள்ளே உட்கார்ந்து சுண்டல் தின்றவர்களைவிட நன்றாகப் பாடமாகியிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா டீச்சர், எங்க ஊட்டு அம்மணி எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்குது!" என்றார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இவள் பாட வேண்டாம் என்பதற்காக நான் சண்டை போட்டேன். அவர்கள் முன்னால் கைகூப்பி நின்று என்னை முட்டாளாக்குகிறாளே என்று அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைமேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்கு அது பாட்டு இல்லை, காலேஜ் சீட்டு என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"நீங்க என்னங்க சொல்றீங்க டீச்சர்?" என்றார் ஆய்வாளர்.

"பாட்டுத் தெரியும். பள்ளிக்கூடத்துல கேட்டு மனப்பாடம் பண்ணினது. ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க, ஜெப வீட்டுல இருப்பாங்க. நான் எழுதினது எல்லாம் உண்மை" என்றேன்.

ஆய்வாளர் ஒரு முறை பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிக்க ஒண்ணுமில்லை" என்றேன். எழுதிக்கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். அவளுடைய அம்மா முந்தானையால் பொட்டை அழித்துக்கொண்டாள்.

கொள்கைக்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கொள்கையும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு மில்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதற்காகச் சொன்னேன்.

பொதுத்தேர்வு முடிவு வருவதற்குள் பழைய சான்று ரத்தாகி, கிறித்தவர், பி.சி. என்று புதுச் சான்று வந்துவிட்டது. அவள் நல்ல மதிப்பெண்தான் வாங்கினாள். நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னது அப்படியே நடந்தது. பி.சி.யில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்டணம் நான் கட்டுகிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். நேரில் போகத் தைரியமில்லை. பதில் வரவில்லை.

கலந்தாய்வெல்லாம் முடிந்து வெகு நாளைக்குப் பிறகு ஒரு நாள் டி.சி. வாங்க வந்தாள். மில்லில் சேர்வதற்கு வயது அத்தாட்சி கேட்டார்களாம். நான் அப்போது தலைமையாசிரியர் அறையில் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன். அவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், மதம் என்ற கட்டத்தில் நின்றார்.

"நம்ம ரிஜிஸ்டர்ல இந்துன்னு இருக்குது, புது சர்டிபிகேட்ல கிறித்தவம்னு இருக்குது. எதப் போடட்டும் அம்மணி?"

அவள் என் பக்கம் திரும்பினாள். விசாரணைக்குப் பிறகு என் முகத்தை அவள் பார்த்தது அன்றுதான். கோபம் எதுவும் தெரியவில்லை.

"மிஸ்ஸக் கேட்டுப் போடுங்க சார். அவுங்க என்ன சொல்றாங்களோ, அதுதானுங்களே நான்."

தலைமையாசிரியர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

"கிறித்தவம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.