பதினொன்றரைக்குப் பிறகு

முதலாம் தரப் பிள்ளையை, பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்ததும், பெற்றோரிடமோ அவர்கள் எழுத்தில் பெயர் குறித்த வளர்ந்தவர் ஒருவரிடமோ நேரில் ஒப்படைக்க வேண்டும். அதன் பின் பிள்ளை பாடசாலை வளவில் தங்குவதானால் மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. கொழுந்து பறிக்கிற பெண் பதினொன்றரைக்கு எங்கே நிற்பாள் என்பதைச் சுற்றறிக்கை கேட்கவில்லை.

நான் அப்போது தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபர். என் வீடிருந்த மஹய்யாவவிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போவேன். டிசம்பர் விடுமுறையின் கடைசி வாரம், முதலாம் தரத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை வகுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கொப்பி நிறைய நடைமுறைகள் எழுதிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், முதல் நியமனம். செருப்பை எங்கே கழற்றுவது, தண்ணீர் குடிக்க எப்படிக் கேட்பது, கழிப்பறைக்கு யாரோடு யார் போவது, அழுகிற பிள்ளையை எந்தக் கதிரையில் இருத்துவது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எது தெரியும் என்று பார்க்க, குட்டிக் கதிரையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். முப்பது வருடச் சேவையில் நான் அந்தக் கதிரையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. தலைப்பு: வீடு செல்லல்.

அன்றுதான் கொழுந்து பறிக்கிற ஒரு தாய் இளைய மகளைப் பதிய அந்த வகுப்பறைக்கு வந்தார். மூத்த மகள் எங்களிடம் ஐந்தாம் தரத்துக்குப் போகிறவள். ஒன்றரைக்குத்தான் அவளுக்கு மணி அடிக்கும். நான் விதியை வாசித்துக் காட்டினேன். நன்றாக வாசிப்பேன்.

"பதினொன்றரைக்கு நான் மலையில நிப்பேன் சேர்," என்றார். "எறங்கி வந்தா அரைப் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம். சின்னதுகளப் பாத்துக்கிற புள்ள மடுவத்துலயும் அஞ்சு வயசு முடிஞ்சிருச்சின்னு எடுக்க மாட்டேங்குறாங்க. சரி, அடுத்த வருசம் பாப்போம்."

கோபமே இல்லாமல் சொன்னார். அடுத்த வருடமும் பதினொன்றரை பதினொன்றரையாகவே இருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். அதுவரை அந்தப் பிள்ளை பூட்டிய லயத்துக் காம்பராவில் தனியே இருக்கும்.

"அக்கா வரும்வரைக்கும் இஞ்ச படுக்கட்டும் சேர்," என்றார் ஆசிரியை. "நான் நிக்கிறன்."

"அனுமதி?"

"நீங்கள் எழுதுங்கோவன். எழுதுறதெண்டால் உங்களுக்கு விருப்பம்தானே."

தாய் சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எழுதினேன். மூன்று பிரதி, பதிவுத் தபால். அதே நிலையிலிருந்த மற்ற நான்கு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். ஆசிரியை அந்த வெறும் பக்கத்தை நிரப்பினார்: பதினொன்றரைக்குச் சாப்பாடு, கை கழுவல், அவரவர் பாயை அவரவர் விரித்தல், ஒன்றரைக்கு அக்காவோ அண்ணனோ வகுப்பு வாசலில் நின்று பெயர் சொல்ல வேண்டும், பிள்ளை பாயைச் சுருட்டி வைத்த பிறகே கையைப் பிடிக்கலாம். அந்த அக்காவும் அண்ணனும் வளர்ந்தவர்கள் அல்ல என்பதையும் நான் கடிதத்தில் மறைக்கவில்லை.

ஜனவரியில் பாடசாலை தொடங்கியது. பதில் வரவில்லை. விதிப்படி நான் அந்த ஐவரையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தேள் கொட்டினால் என் ஓய்வூதியம் என்ன ஆகும் என்று தினமும் பதினொன்றரைக்கு நினைத்துக்கொள்வேன். பிறகு பாய்களை நானே ஒருமுறை உதறிப் பார்ப்பேன். குறிப்பேட்டில் 'விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதி ஒப்பமிடுவேன். அனுமதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதற்கு அதைவிட மரியாதையான வசனம் அரசாங்கத்தில் கிடையாது. நினைவூட்டல் கடிதம் மட்டும் அனுப்பவில்லை. நினைவூட்டினால் மறுப்பார்கள்.

அந்தச் சின்னவள் முதல் தவணையில் தினமும் தூங்கினாள். இரண்டாம் தவணையில் பாயில் படுத்தபடியே சுவரிலிருந்த எழுத்துகளை முணுமுணுத்தாள். மூன்றாம் தவணையில் பக்கத்துப் பாய்க்காரிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டி அவளைத் தூங்கவிடாமல் செய்தாள். அதற்கென்று கொப்பியில் புதிதாக ஒரு நடைமுறை எழுத வேண்டியதாயிற்று.

பதில் வந்தபோது ஐந்து பேரும் பாயில். கோரிய அனுமதி நடப்பு வருட இறுதிவரை வழங்கப்படுவதாக எழுதியிருந்தார்கள். கடிதத்தின் மூலையில், கிடைத்த திகதியை வழக்கம்போல் சிவப்பு மையில் குறித்தேன்: டிசம்பர் 1, அந்த வருடப் பாடசாலையின் கடைசி நாள்.