பெண் பார்க்கப் போகாத ரஃபீஆ

ரஃபீஆவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நான் இந்தப் பக்கம் இருமினால், அந்தப் பக்கத்திலிருந்து "என்னடி, மறுபடியும் வெறுந்தலையோட கடற்கரைக்குப் போனியா?" என்று கேட்பாள். புருஷன் கடலோடு போன பிறகு, ஒரே மகன் மத்தரை ஆடு வளர்த்தும் கருவாடு விற்றும் ஆளாக்கினாள். வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம்.

அண்ணன் ஸரூர் கைவிடாமல் இருந்ததால்தான் அவள் பிழைத்தாள் என்று எங்கள் ஊருக்கே தெரியும். மீன் பிடித்து வந்தால் முதல் கூடை தங்கை வீட்டுக்கு வரும். அந்த நன்றிக்கு அவள், "என் மகனுக்கு உன் மகள் அஃப்ராதான்" என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அப்போது அஃப்ராவுக்குப் பல்கூட முளைக்கவில்லை.

அபுதாபியும் எங்கள் பக்கத்துச் சிற்றரசுகளும் சேர்ந்து ஒரே நாடான அடுத்த வருஷம், கத்தாருக்கும் குவைத்துக்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தோஹாவிலிருந்து கல்ஃபான் என்று ஒருவர் எங்கள் ஊரில் வந்து குடியேறினார். அவருக்கு வதீமா என்று ஒரு மகள், முதல் மனைவிக்குப் பிறந்தவள். அந்த மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரஃபீஆவின் நாத்தனார் ஹம்தா அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து மத்தரிடம் சொன்னாள். அன்றைக்கே அவன் மனசு அங்கே போய்விட்டது.

ரஃபீஆ ஆடித் தீர்த்தாள். "யாரோ எவளோ! கறுப்போ சிவப்போ! என் வீட்டு வாசலை அவள் மிதிக்கக் கூடாது" என்றாள். பெண்ணைப் பார்த்துப் பேசி வரவேண்டியவள் மாப்பிள்ளையின் தாய்தான். மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் "தலைவலி" என்று படுத்துக்கொண்டாள். கடைசியில் ஹம்தாதான் போனாள். ஆண்கள் பள்ளிவாசலில் உட்கார்ந்து நிக்காஹ் எழுதினார்கள். பெண்ணை அழைத்து வரும் கல்யாண நாள் மட்டும் பாக்கி.

அதற்கு இரண்டு நாள் முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். பட்டு, தங்கம், அத்தர், குங்குமப்பூ எல்லாம் அடுக்கியாயிற்று. பெட்டியோடு தாய் போகாவிட்டால் ஊர் சிரிக்கும். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ரஃபீஆ எங்களோடு வந்தாள். இதை நான் கேட்டு எழுதவில்லை. அவள் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தேன்.

கஹ்வாக் காப்பி ஊற்றினார்கள். கல்ஃபானின் அக்கா, நல்ல வாயாடி, பெண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க வதீமா பிழைச்சதே அதிசயம். கோடையில, மலையடிவாரத் தோட்டத்துல பொறந்தா. வெந்நீர் ஊத்துப் பக்கம். அவ உம்மா கல்தம் பெத்துப் போட்டதும் காய்ச்சல்ல விழுந்துட்டா, நினைவே இல்ல. கண்ணு தெரியாத எங்க உம்மாதான் ஆட்டுப்பால் ஊத்தி வளர்த்தாங்க. அப்போ இவ பேரு ஷம்மா. அடிக்கடி நோவு வருதுன்னு தோஹாவுல பேரை மாத்தினோம்."

ரஃபீஆவின் கையில் இருந்த சிறு கிண்ணம் வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது.

"கல்தமா?" என்றாள். "கோணலா வளைஞ்ச பேரீச்சை மரத்தடியில குடிசை போட்டிருந்த கல்தமா?"

"உனக்குத் தெரியுமா!" என்று அந்த அக்கா சந்தோஷப்பட்டாள்.

ரஃபீஆ எழுந்து உள்ளே போனாள். உள்ளறையில் மஞ்சளும் எண்ணெயும் பூசி உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்தாள். "இந்தக் கல்யாணம் நடக்காது. இவளுக்கு நான் பால் கொடுத்திருக்கேன். ஒரே மடியில பால் குடிச்சவங்க மார்க்கப்படி கூடப்பிறந்தவங்க. மத்தரும் இவளும் அண்ணன் தங்கச்சி" என்றாள்.

முதலில் ஹம்தாதான் சிரித்தாள்.

"நேத்துவரைக்கும் 'யாரோ எவளோ'ன்னே. இன்னைக்கு உன் மகளாயிட்டாளா? அடி ரஃபீஆ, அண்ணன் மகளுக்காக நீ வானத்தையும் வில்லா வளைப்பே!"

நடந்தது இதுதான். வெயிலுக்காகப் பேரீச்சைத் தோட்டத்துக்குப் போயிருந்த அந்தக் கோடையில் ரஃபீஆவின் குடிசையும் கல்தமின் குடிசையும் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். மத்தர் அப்போது மடியில் இருந்தான். ஆட்டுப்பாலைக் குடித்த கைக்குழந்தை அத்தனையையும் கக்கிவிட்டு ராப்பகலாய் வீறிட்டது. கண் தெரியாத அந்தக் கிழவியிடம் ரஃபீஆ "நான் பால் கொடுக்கறேன்" என்று சொன்னபோது கிழவி, "கண்ட வீட்டுப் பாலைக் குடிச்சு கண்ட வீட்டோட என் பேத்திக்கு உறவு வேண்டாம்" என்று விரட்டிவிட்டாள். குழந்தை செத்துப்போகும் என்று ரஃபீஆவுக்குத் தெரிந்துவிட்டது. கிழவி பகலில் கண்ணயரும்போது வேலி இடுக்கில் கையை விட்டு, குழந்தையை வாங்கி, மத்தர் ஒரு பக்கமும் இது ஒரு பக்கமுமாக ஊட்டிவிட்டுத் திரும்ப வைப்பாள். கல்தம் தேறியதும் சொல்லலாம் என்றிருந்தாள். கல்தமோ, நன்றாக இருந்த நாளிலும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், "பிள்ளையோட வாப்பா" என்றுதான் சொல்வாள். ஒருநாள் ரஃபீஆ ஊற்றுக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்கள் ஒட்டகத்தோடு வந்து அவர்களை அழைத்துப் போய்விட்டார்கள். எந்த வீடு என்று தேட ஒரு பெயர்கூட அவளிடம் இல்லை. ரஃபீஆ தன் புருஷனிடம் சொன்னாள். "மறந்துடாதே, இது சின்ன விஷயம் இல்ல" என்றார் அவர். அந்தக் குளிர்காலத்திலேயே கடல் அவரைக் கொண்டுபோயிற்று.

பெட்டி கொண்டுபோன அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரஃபீஆ மகனை உட்கார வைத்துச் சொன்னாள். அவன் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"உனக்கு அஃப்ராதான் வேணும். சரி. அதுக்காக இப்படி ஒரு பொய்யா? அல்லாஹ்வோட பேரையும் இதுல இழுப்பியா உம்மா?"

"குர்ஆனைக் கொண்டா, கை வைக்கிறேன்."

"வேண்டாம். நீ வச்சுடுவே. எனக்கு அதுதான் பயம்."

அவன் வெளியே போய்விட்டான். அன்றைக்கு முழுக்க வரவில்லை.

மறுநாள் காலையில் ரஃபீஆ கல்ஃபான் வீட்டு வாசலுக்குப் போனாள். அவர் உள்ளே விடவில்லை. வாசலில் நின்றபடியே, "என் உம்மா கண்ணில்லாம அந்தப் பிள்ளையைக் காப்பாத்தினாங்க. கப்ருக் குழியில இருக்கறவங்களைப் பொய்க்காரி ஆக்க வந்திருக்கியா? உன் வயசுக்கு மரியாதை தர்றேன், போயிடு" என்றார். ஹம்தா அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்களில் ஒருத்தியும் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா அவள் அத்தனை மாதமும் பேசியிருந்தாள்?

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தலையை முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டு ஓடினேன். "நான் வாயை மூடினா என் மகனும் மகளும் ஒரே பாயில படுப்பாங்க. வாயைத் திறந்தா நான் பொய்க்காரி. எனக்கு ஒரு வழி சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் தண்ணீரைத் தெளித்தேன். சட்டென்று எழுந்து, முகத்திரையைக் கட்டிக்கொண்டு, "வா" என்றாள். நேரே அண்ணன் வீட்டுக்கு.

ஸரூர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அஃப்ராவை அவ மாமன் மகனுக்குக் கேட்டாங்கன்னு சொன்னியே. கொடுத்துடு. இன்னைக்கே வாக்குக் கொடுத்துடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்றே? நீயா வாக்குக் கொடுத்தே, நான் கேக்கலை. ஊர்ல வந்த சம்பந்தத்தையெல்லாம் உனக்காகத் திருப்பி அனுப்பினேன். இப்போ நீயே..."

"அவ எனக்கு மருமகளா வரமாட்டான்னு ஊருக்குத் தெரியணும். அப்பதான் நான் சொல்றதை நம்புவாங்க."

"என் பொண்ணு என்ன, நீ கட்டவும் அவுக்கவும் சந்தையில நிக்கற ஆடா?" ஸரூர் வலையை வீசி எறிந்தார். உள்ளே அஃப்ரா அழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் விவரம் தெரிந்த நாள்முதல் மத்தரைத்தான் நினைத்திருந்தாள். "சரி. கொடுத்துடறேன். ஆனா இனிமே இந்த வீட்ல உனக்குக் கஹ்வா இல்ல. நான் செத்து மையத்தாக் கெடந்தாக்கூட வராதே."

ரோஷக்காரர். அன்று சாயங்காலமே மாமன் மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கல்யாணம். கல்ஃபான் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, பெரிய தேக்சாக்களில் கோதுமையும் கறியும் குழைந்துகொண்டிருந்தன. ஆண்கள் எதிரெதிரே வரிசையாக நின்று, பிரம்புகளை ஏந்தி முரசுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் மத்தர். காஜியார் பெரியவர்களோடு பாயில் அமர்ந்திருந்தார். ரஃபீஆ அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஆண்கள் கூடிய இடத்துக்கு ஒரு பெண் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. முரசு ஒவ்வொன்றாக நின்றது.

"காஜியாரே, நான் பேசினா கேப்பீங்களா, இல்ல என்னை இழுத்துப் போடச் சொல்வீங்களா?"

"பேசும்மா."

சொன்னாள். கல்ஃபான் கோபமாக எழுந்தார். காஜியார் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"எத்தனை தடவை கொடுத்தே?"

"எண்ணலை. பசிச்சு அழுத பிள்ளைக்கு யாரு எண்ணிக் கொடுப்பா? கோடை முழுக்கக் கொடுத்தேன்."

"சாட்சி?"

"தெரிஞ்சவர் கடல்ல இருக்கார். வேற யாருக்கும் தெரியாது."

"உன் அண்ணன் மகளுக்காகத்தான் இதைச் சொல்றேன்னு ஊர்ல பேசறாங்களே."

"அவளை நேத்தே வேற வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. ஆள் அனுப்பிக் கேளுங்க. என் அண்ணன் என்னை வாசலோட அறுத்துவிட்டார். எனக்கு இனி இழக்க மத்தர் மட்டுந்தான் இருக்கான். அவனும் இதோட போயிடுவான்னு தெரிஞ்சுதான் நிக்கறேன்."

ஆள் போய்க் கேட்டு வந்தான். உண்மைதான் என்றான். பந்தலில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. காஜியார் மத்தரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவங்க சொல்றது பொய்யா இருந்தா பாவம் இவங்களோட போகும். உண்மையா இருந்தா? நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கறப்போ இந்தப் பேச்சு உன் காதுல கேக்காம இருக்குமா? நிக்காஹை முறிச்சு அவளை விட்டுடு."

மத்தர் தாயைப் பார்த்தான். நேராக, கண் சிமிட்டாமல் பார்த்தான். பிறகு பிரம்பைக் காலடியில் போட்டுவிட்டுப் பந்தலை விட்டு நடந்தான். அன்றே ஒரு லாரியில் ஏறி அபுதாபிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமைத்த விருந்தைத் தெருத் தெருவாக அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ரஃபீஆ அடுப்பு மூட்டுவதே அபூர்வம். ஆடுகளை நான்தான் அவிழ்த்துவிட்டேன். ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வதீமா தனியாக நின்றாள். உள்ளே வந்ததும் முகத்திரையை அவிழ்த்தாள். அவளும் மெலிந்து போயிருந்தாள். பந்தலில் கல்யாணம் நின்றுபோன பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசும்! கல்ஃபானின் இரண்டாம் மனைவியான சிற்றன்னையும் பேச்சில் குறை வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றாள் வதீமா. "மூணு தடவை உங்களைக் கூப்பிட்டோம். ஏன் வரலை? ஒரே ஒரு தடவை வந்து பாத்திருந்தா நிக்காஹே ஆகியிருக்காதே. அவர் பேரை நான் மனசுல எழுதியிருக்க மாட்டேனே."

ரஃபீஆ தரையைப் பார்த்தாள்.

"வீம்பு," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. வெறும் வீம்பு."

"அந்தக் கோடையில நீங்க என்னை விட்டிருக்கலாம். செத்திருப்பேன். நல்லா இருந்திருக்கும்."

"அப்படிச் சொல்லாதேடி."

"வேற எப்படிச் சொல்ல?"

அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி ரஃபீஆ ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்து அவள் வீட்டிலேயே படுத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

ஸரூர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அஃப்ராவின் கல்யாணத்துக்கு ரஃபீஆவை அழைக்கவில்லை. மத்தரிடமிருந்து மாதா மாதம் யார் கையிலாவது அரிசியும் சர்க்கரையும் துணியும் வரும். கொண்டுவருபவனிடம் அவள், "என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?" என்பாள். "கேட்டார்" என்று அவர்கள் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரியும்.

வதீமாவை அடுத்த வருஷம் பக்கத்து ஊரில், மனைவியை இழந்த ஒரு பெரிய வயசுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷர் என்று கேள்வி. அவள் முழுகாமல் இருந்து மாசம் நெருங்கியபோது, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் என்கிற வழக்கப்படி புருஷன் அவளை அழைத்து வந்தார். சிற்றன்னை வீட்டில் இடமில்லை என்று ஏதோ சாக்குச் சொன்னாள். மூட்டையோடு வதீமா ரஃபீஆவின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"எனக்கு வேற போக்கிடம் இல்ல," என்றாள். "கோபம் இன்னும் போகலை. அதையும் சேத்துத்தான் கொண்டுவந்திருக்கேன்."

"உள்ள வா. கோபத்தை அந்த மூலையில வை," என்றாள் ரஃபீஆ. வெகு நாளைக்கப்புறம் அவள் வாயில் பழைய ரஃபீஆவைக் கேட்டேன். பிள்ளை பெற்ற பின் நாற்பது நாளும் வெந்தயக் கஞ்சியும் நெய்யுமாக அடுப்பு அணையவே இல்லை. பெண் குழந்தை. ரஃபீஆவை வதீமா ஒருநாளும் உம்மா என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க", "கேளுங்க" என்றே சமாளித்தாள்.

அந்த நாற்பது நாளுக்குள்தான் பெருநாள் வந்தது. மத்தரும் வந்தான். சீருடை இல்லாமல் வெள்ளை அங்கியில் வந்து, வீட்டுக்குள் அந்நியப் பெண்கள் இருந்தால் மறைந்துகொள்ளட்டும் என்று வாசலில் நின்று கனைத்தான். பெருநாள் பலகாரத்தோடு போயிருந்த நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வதீமா மறையவில்லை. அவன் அண்ணன் முறை, மறைய வேண்டியதும் இல்லை. குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்து பார்த்தான். பார்த்த வேகத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரஃபீஆ சோறு வைத்தாள். சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டான். எழுந்திருக்கும்போது தாயின் நெற்றியில் முத்தமிட்டான், பெருநாளன்று எந்த மகனும் செய்கிற மாதிரி. குழந்தையின் பக்கத்தில் ஒரு பொட்டலம் வைத்தான். மறுநாள் விடியுமுன் கிளம்பிவிட்டான்.

"மறுபடி வருவானா?" என்று ரஃபீஆ என்னிடம் கேட்டாள்.

"வருவான்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அடுத்த பெருநாளுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தான், அரைநாள் இருந்தான்.