சகனைச் சுற்றி உள்ளி மணம்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, கிண்ணியாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு ஓயாத வயிற்றெரிச்சல். திருகோணமலையில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், வயிற்றில் கிருமி, அதனால் புண் என்றார். அன்டிபயோட்டிக் குளிசைகளை ஒன்றும் விடாமல் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் ஓட்டையாகிவிடும் என்றும் சொன்னார்.

இவர் கேட்டால்தானே! குளிசை உடம்புக்குச் சூடாம். ஃபோனில் யாரோ சொன்ன இயற்கை வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். விடிந்ததும் பச்சை உள்ளிப்பூடு, பிறகு தேனில் குழைத்த கருஞ்சீரகம், அதற்கு மேல் எருமைத் தயிர். குளிசைகள் அலுமாரியில் சுகமாக உறங்கின. உள்ளி மணம் தாங்காமல் நான் என் பாயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும்போது எனக்கு நெஞ்சு பதறும். நான் வாயைத் திறந்தால் முறைப்பார்.

அந்த நேரம் பார்த்து, மகளுக்குப் பேசிய மூதூர் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தார்கள். இவருடைய வயிற்று வருத்தம் தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று நாங்கள் மூச்சுவிடவில்லை. எங்கள் ஆட்கள் விருந்தென்றால் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி, முழங்கால் முட்ட உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் வாப்பாவும் இவரும் ஒரே சகன். சாப்பிடுமுன் இவர் பிஸ்மி சொல்ல வாயைத் திறந்ததும், பக்கத்தில் இருந்தவர் இருமிக்கொண்டே அடுத்த சகனுக்கு மாறினார். பிறகு இன்னொருவர். குசினித் திரைக்குப் பின்னால், கறிச் சட்டியோடு நின்று இதைப் பார்த்தேன். மகளின் கல்யாணத்தை உள்ளி தின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் வாப்பா மட்டும் எழும்பவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "வயித்தில கிருமியா?" என்று மெதுவாகக் கேட்டார். இவர் திகைத்துப்போய், "ஓம்" என்றார்.

"நானும் உள்ளி திண்டனான். வீட்டுச் சனம் ஓடினது, கிருமி ஓடல்ல. ரத்தமாச் சத்தி எடுத்து ஆஸ்பத்திரியில கிடந்த பிறகுதான் குளிசை போட்டனான். என்ட மகன்ட கல்யாணத்துக்கு நீங்க உசிரோட வேணும்."

கை கழுவிய ஈரத்தோடு இவர் அலுமாரியைத் திறந்தார். நான் கரடியாய்க் கத்தியும் ஏறாத காது அது. குளிசைகளை முடித்துத் திரும்பச் சோதித்தபோது கிருமி இல்லை. உள்ளி இப்போது கறியில் மட்டும்தான்.

மாப்பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எல்லாரும் எழும்பிப்போன சகனில் எழும்பாமல் உட்கார்ந்திருந்து, தன் வருத்தத்தைச் சொல்லி எங்கள் மானத்தைக் காத்தவரின் மகன் என்பதே எனக்கு இன்றைக்கும் போதும்.