அசர்டெய்ன் பண்ண முடியவில்லையாம்

மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று என்னை ஃபோனில் கூப்பிட்டதே பள்ளிக்கூடம்தான். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, பிளெய்ன்ஸ்பரோவின் ஒவ்வொரு சிக்னலையும் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் கவுன்ட்டரில் அன்று புதிதாக ஒருத்தி. என் லைசென்ஸைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நீங்கள்தான் தாய் என்று எங்களால் அசர்டெய்ன் பண்ண முடியவில்லை என்றாள்.

லாஸ்ட் நேம் ஒத்துப்போகவில்லையாம். எப்படி ஒத்துப்போகும்? என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். கணவர் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா பெயர். மகள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். எங்கள் ஆட்களில் பாதி வீடுகள் இப்படித்தான்.

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. இங்கே படிக்க வருவதற்குப் பரீட்சை எழுதியபோது மனப்பாடம் பண்ணியது. விசாரித்து, சந்தேகமில்லாமல் உறுதிப்படுத்திக்கொள்வது என்று அர்த்தம். விசாரிக்கிற வேலை அதைச் சொல்கிறவருடையது என்றுதான் நான் நம்பியிருந்தேன். இத்தனை வருடத்தில் அசர்டெய்ன் பண்ணிவிட்டேன் என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களும் சரி, அப்பார்ட்மென்ட் ஆபீஸும் சரி, கைவிரிக்கும்போது மட்டும்தான் அதை வெளியே எடுக்கிறார்கள்.

"கொஞ்ச நேரம் முன்னால் கூப்பிட்டீர்களே, அதே நம்பரை இப்போது கூப்பிடுங்கள்" என்றேன். கூப்பிட்டாள். என் கையிலேயே ஃபோன் அடித்தது. ஃபோன் உங்களிடம் இருக்கிறது என்று மட்டும்தான் இதில் தெரிகிறது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நர்ஸ் ரூம் கட்டிலில் என் குழந்தை சுருண்டு படுத்திருந்தாள்.

கடைசியில் கணவருக்கு ஃபோன் போட்டாள். மன்ஹாட்டனில் இருந்தபடி, ஆமாம், என் மனைவிதான் என்று ஒரு வரி சொன்னார். போதுமாம். அவருடைய லாஸ்ட் நேமும்தான் மகளுடையதோடு ஒட்டாது. அவரிடம் லைசென்ஸ் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பார்க்கிங் லாட்டுக்கு வருவதற்குள் அவரே என்னைக் கூப்பிட்டார். "விடும்மா, அவங்க ரூல்ஸ ஃபாலோ பண்றாங்க. பேசாம உன் லாஸ்ட் நேம சேஞ்ச் பண்ணிடலாம்."

"என் அப்பா பேரு அது. நான் எதுக்கு மாத்தணும்?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன்.

மகளை சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன். அவள் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. வெளியே ஏன் அவ்வளவு நேரம் நின்றாய் என்று அவளுடைய இங்கிலீஷில் கேட்டாள்.

"நான்தான் உன் அம்மான்னு அவங்களுக்குத் தெரியலயாம்டா."

அவளுக்குப் புரியவில்லை. "பட் ஐ நோ. அம்மா, நோபடி ஆஸ்க்டு மீ" என்றாள்.