மூன்றாவது கேமராவின் பெயர்

எல்லா நாற்காலியிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால்தான் கேமராக்காரருக்குக் கூட்ட அறை தயாரானதாகத் தோன்றும். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து மேலாளரைப் போலவே தொண்டையைச் செருமுவார். சுவர்த்திரையில் தன் முகம் தெரிகிறதா, வழுக்கையில் விளக்கு பட்டுப் பளிச்சிடுகிறதா என்று பார்ப்பார். "என் மண்டையே கண்ணைக் கூசலன்னா, வேற யார் மண்டையும் கூசாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நாற்காலிக்கு நகர்வார்.

காணொளிக் கூட்டங்களுக்கு எந்தப் படம் எந்த வழியாக உள்ளே வர வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தில் அவருடைய வேலை. பேசுகிறவரைக் காட்டும் வழிக்கு 'அசைவு' என்ற அமைப்பை வைப்பார். காகிதத்தைக் காட்டும் வழிக்குத் 'தெளிவு'. மாற்றி வைத்தால் ஆள் வெட்டி வெட்டி நகர்வார், எழுத்து கலங்கிப்போகும். "ஆளுக்கு அசைவு, தாளுக்குத் தெளிவு. இவ்வளவுதான் சார் என் படிப்பு" என்பார்.

ஒவ்வொரு வழிக்கும் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் 'கேமரா 1', 'கேமரா 2' என்று விட்டுவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. "நம்பருக்கு மூஞ்சி ஏது?" என்று கேட்பார். மேசைக்கு மேலே தொங்கியபடி காகிதத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் கேமராவுக்கு 'மாமியார்' என்று பெயர். பலமுறை கூப்பிட்டால்தான் வரும் மடிக்கணினிக் கம்பி 'சம்பந்தி'. நாளெல்லாம் மேலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய கேமரா 'ஜால்ரா'. இவையெல்லாம் அவர் கையில் வைத்திருக்கும் சின்னத் திரையில் மட்டும் தெரியும். மனிதர்களும் அவரிடம் சொந்தப் பெயரோடு தப்பியதில்லை. "உங்களுக்கு நாக்குல சனி" என்று மனைவி சொல்வார். "சனி இல்லடி, சுதி" என்பார் இவர்.

அறையின் மூலையில் மூன்றாவதாக ஒரு கேமரா. அது கிடங்குப் பொறுப்பாளரான ஓர் அம்மாவின் நாற்காலியைப் பார்க்கும். அந்த அம்மாவுக்குப் பேசும்போது சொல் தடுக்கும். முதல் எழுத்தில் நின்று, கண்ணை மூடித் திறந்த பிறகுதான் மீதி வரும். அந்தக் கேமராவுக்கு இவர் 'திக்கு' என்று பெயர் வைத்தார். 'திக்குவாய்' என்று முழுதாக அடிக்கச் சோம்பல். அடித்து முடித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்ட எண்ணம் ஏதுமில்லை என்று இப்போதும் சொல்வார். நல்ல எண்ணமும் இல்லை என்பதை அவரே சேர்த்துக்கொள்வார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டது விரலால். ஒரு கூட்டத்தன்று காலை நாற்காலிகளைப் பார்த்து முடித்த பிறகு, அமைப்பு தானாகவே புது மென்பொருளை ஏற்றிக்கொண்டது. அதில் 'பெயரைத் திரையில் காட்டு' என்ற கட்டத்தில் அதுவாக ஒரு டிக் விழுந்தது. ஏற்றியானதும் கட்டங்களை ஒருமுறை சரிபார்ப்பது முறை. அப்போது இவர் வாசலில் காவலாளியோடு அரட்டையில் இருந்தார்.

எல்லாக் கிளைகளும் கலந்துகொண்ட கூட்டம் அது. சரக்கு கெட்டுப்போகாமல் அடுக்க அந்த அம்மா ஒரு புது முறை வகுத்திருந்தார். இதுவரை அவர் எழுதிக் கொடுப்பார், வேறு யாராவது வாசிப்பார்கள். அன்று தானே பேசுவதாகக் கேட்டு வாங்கியிருந்தார். இந்த அறையின் முறை வந்ததும் கேமராக்காரர் நேராக மூலைக் கேமராவைத் திறந்துவிட்டார். திரை முழுக்க அந்த அம்மாவின் முகம் வந்தது. அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில் 'திக்கு' என்று வந்தது.

கேமராக்காரர் பாய்ந்து சின்னத் திரையை எடுத்தார். அழிக்கலாம் என்றால் விரல் கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்தது. அறையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். வேறொரு கிளையிலிருந்து ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "மேடம் படத்துக்குக் கீழ 'திக்கு'ன்னு ஏதோ வருதே, அது என்ன?"

அந்த அம்மா நிமிர்ந்து திரையைப் படித்தார். பிறகு கேமராக்காரரைப் பார்த்தார். இவர் ஒரு பொய்யைத் தேடி எடுப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்.

"தி... தி... திக்குன்னா திசைங்க. இந்தக் கேமரா கிழக்குத் தி... திக்கைப் பாத்து இருக்கு. இவர் எல்லாத்துக்கும் தமிழ்ல பேர் வெச்சிருக்கார்."

"அட, நல்லா இருக்கே" என்றார் கேட்டவர். அந்த அம்மா தன் அடுக்குமுறையை நிதானமாக, ஒன்றையும் விடாமல் பேசி முடித்தார். கூட்டம் கலைந்ததும் மேலாளர், "உங்களுக்கு இவ்வளவு தமிழ்ப் பற்றா? பரவால்லையே" என்று கேமராக்காரரின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார்.

பிடிபட்டிருந்தால் நாலு திட்டு வாங்கி, தலை குனிந்து நின்று தீர்த்திருப்பார். இதை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது? பெயர்களையெல்லாம் அழித்து எண்களாக மாற்றினார். கிடங்குப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தார். சாப்பாட்டு அறையில் அந்த அம்மாவின் குரல் கேட்டால் பாதிச் சாப்பாட்டோடு எழுந்தார். வீட்டில் சொன்னபோது மனைவி திட்டவில்லை. "அது திசை இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"அவங்களுக்குத் தெரியும். நீங்க சொன்னீங்களா?"

அடுத்த கூட்டத்தன்று மூலைக் கேமரா பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்து அவர் திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே உள்ளே வந்தார். கேமராக்காரர் பதறி எழுந்தார்.

"மேடம், அந்தப் பேரு... அது திசை இல்லீங்க."

"தெ... தெரியும்."

"மன்..." என்று கேமராக்காரர் தொடங்கினார். மேற்கொண்டு வரவில்லை. "ம... ம..."

ஊருக்கெல்லாம் பெயர் வைத்த நாக்கு அசைய மறுத்தது. கேலி செய்வதாக அந்த அம்மா நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அம்மா மீதிச் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.