இடது சீட்டுக்கு அடியில் குளம்

மழை பெய்தால் போதும், என் பழைய காரில் இடது சீட்டுக்கு அடியில் குளம்போலத் தண்ணீர் தேங்கிவிடும். எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை. கதவு ரப்பரை மாற்றினேன். கண்ணாடியைச் சுற்றிப் பசை அடைத்தேன். மனைவியைக் கதவின் மேல் ஹோஸ் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு உள்ளே தலைகீழாகக் கிடந்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாள் மயிலாப்பூரில் நல்ல மழை, மறுபடியும் குளம். வந்த ஆத்திரத்தில் டயரை எட்டி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

கடைசியில் ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டார். அழுகிக் கறுத்த சாமந்தி கொத்துக் கொத்தாக வந்தது. மழைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டையை அதுதான் அடைத்திருக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் காருக்குள் இறங்கியிருக்கிறது.

"இன்னா சார், உள்ள ஒரு பூக்கடையே கீது? யாரு வச்சது?"

வெள்ளிக்கிழமை தவறாமல் வைப்பருக்கு அடியில் பூ செருகுவது நான்தான். ஒழுகுவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, இந்த மழைக்காலம் முழுக்க ஒரு முழத்தை இரண்டு முழமாக்கியிருந்தேன்.